மருந்துச் சீட்டையும் மேடைக்குக் கொண்டு வாருங்கள்

மேடையேறிச் சிரிக்க வைக்கும் கலைஞர்களுக்கு,

வணக்கம். என்னை உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. பாட்காஸ்டுக்கு வந்து இரண்டு, மூன்று மணி நேரம் மனம் விட்டுப் பேசிவிட்டுப் போகிறீர்களே, அந்தப் பேச்சை மறுநாள் ஹெட்ஃபோன் மாட்டிக் கேட்டு, இருமலையும் நாற்காலி கிறீச்சிடுவதையும் நீக்கி, ஒரு மணி நேரச் சொச்சமாகச் சுருக்கிக் கொடுப்பது என் வேலை. உங்கள் குரல் எனக்கு அத்துப்படி. எந்த இடத்தில் மூச்சை இழுப்பீர்கள், எதையாவது மறைக்கும்போது எந்தச் சொல்லை இரண்டு தடவை சொல்வீர்கள் என்பதுவரை தெரியும். அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

சில வருடங்களாக என் மேசைக்கு வரும் பேச்சு மாறிவிட்டது. முன்பெல்லாம் யார் வேண்டுமானாலும் ஏறிப் பேசும் ஓபன் மைக் மேடையில் முதல் தடவை சொதப்பியது, கூட்டத்தில் ஒருவன் கத்தி வம்பிழுத்தது, காசு தராமல் இழுத்தடித்த அமைப்பாளர் என்று போகும். இப்போது கால் மணி நேரம்கூட ஆவதற்குள் பேச்சு உள்ளே இறங்கிவிடுகிறது. மனச்சோர்வு, நடுராத்திரிப் பதற்றம், குடி, அப்பா. அப்புறம் தியானம், கடவுள், மன்னிப்பு, குணமானது. நடுநடுவே நீங்கள் சிரிக்கவும் வைக்கிறீர்கள், பழக்கம் விடுமா?

இது நல்லதுக்குத்தான். இதைப் பேசவே இடமில்லாத காலம் ஒன்று இருந்தது என்பதற்கு நம் சந்திரபாபுவே சாட்சி. 1952-இல், வாய்ப்புக் கிடைக்காத விரக்தியில், ஜெமினி ஸ்டூடியோவிலேயே உயிரை விடப் பார்த்தார். தற்கொலை முயற்சி அன்று குற்றம். பிழைத்து எழுந்தவர் போய் நின்றது நீதிமன்றத்தில். அங்கே ஒரு தீக்குச்சியைக் கொளுத்தித் தன் கையைச் சுட்டுக்கொண்டு, சுட்டது உங்கள் கண்ணுக்குத் தெரியும், வலி எனக்குத்தான் தெரியும் என்ற பொருளில் நீதிபதியிடம் பேசினார் என்று திரையுலகில் இன்றும் சொல்வார்கள். தன் வலியைப் பற்றி ஒரு நகைச்சுவைக் கலைஞன் பேசுவதற்குக் கிடைத்த மேடை, குற்றவாளிக் கூண்டு! அதற்குப் பிறகு இருபது வருடத்துக்கு மேல் ஆடியும் பாடியும் ஊரைச் சிரிக்க வைத்துவிட்டு 1974-இல் போய்ச் சேர்ந்தார். அவர் எதிரே ஒரு மைக்கை வைத்து யாராவது சாவகாசமாகக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று வேலைக்கு நடுவே நான் யோசிப்பதுண்டு.

ஆகவே பேசாதீர்கள் என்று சொல்ல நான் வரவில்லை. நீங்கள் பேசியதில் எது வெளியே போகிறது, எது என் மேசையிலேயே தங்கிவிடுகிறது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். அதற்குத்தான் இந்த மடல்.

உங்களில் ஒருவரின் பதிவு. பெயரும் நிகழ்ச்சியும் வேண்டாம். நெடுநேரம் பேசியிருந்தார், அதில் கணிசமான நேரம் மருந்தைப் பற்றியே. முதலில் எழுதிக் கொடுத்த மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை. வாய் உலர்ந்து மேடையில் நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்ள, பஞ்ச் விழவேண்டிய இடத்தில் 'ச்சக்' என்று ஒரு சத்தம்தான் வந்ததாம். அடுத்த மாத்திரையில் உடம்பு போட்டது. மருத்துவரை மாற்றினார். மாற்றிய பிறகும் மூன்று வாரம்வரை ஒரு மண்ணும் தெரியவில்லை. பிறகு ஒரு நாள் காலையில் வாய் கொப்பளிக்கும்போதுதான், அட, பல் தேய்த்துவிட்டோமே என்று உறைத்திருக்கிறது. அதற்கு முந்தைய மாதங்களில் பல் தேய்ப்பதென்றால் படுக்கையில் கிடந்தபடியே ஒரு மணி நேரம் தன்னைத் தயார்ப்படுத்த வேண்டிய காரியம். இதைச் சொல்லும்போது அவர் குரலில் ஒரு நடுக்கமும் இல்லை, கடைக்குப் போய் வந்ததைச் சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டு போனார். எனக்குத்தான் டைம்லைனை நிறுத்திவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடிக்க வேண்டியிருந்தது.

அதே பதிவில் இன்னொரு இடம், சின்னதுதான். ஒரு தியான முகாமில் விடியற்காலை உட்கார்ந்திருந்தபோது, இறந்துபோன தாயின் குரல் கேட்டது, உடம்பெல்லாம் வெளிச்சம் பரவியது என்று சொல்லி அழுதார். அழுகைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவே நீளமான மௌனம். திரையில் ஒலியலை கோடாகப் படுத்துக் கிடந்தது.

தயாரிப்புத் தரப்பிலிருந்து குறிப்பு வந்தது. மாத்திரைப் பகுதி இழுவை, எடுத்துவிடவும். அழுகை டிரெய்லருக்கு. மௌனத்தைக் குறைக்க வேண்டாம், அடியில் பியானோ போடவும். போட்டுக் கொடுத்தேன். சம்பளம் அதற்குத்தான்.

எபிசோடில் கேட்டவர்களுக்குக் கிடைத்த ஆள் வேறு. துன்பத்தில் கிடந்தார், கண்ணை மூடி உட்கார்ந்தார், வெளிச்சம் கண்டார், எழுந்தார். அந்த முகாம் எங்கே நடக்கிறது, எத்தனை நாள், எப்படிச் சேருவது என்றுதான் கேள்விகள் குவிந்தன. ஒருவர், இதைக் கேட்ட தெம்பில் மாத்திரையை நிறுத்திவிட்டு முகாமுக்குப் பெயர் கொடுத்திருப்பதாக நன்றி சொல்லி எழுதியிருந்தார். உங்கள் சக கலைஞரோ முகாமில் இருந்த நாள் முழுக்க மாத்திரை சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார். அதைச் சொன்ன வாக்கியமும் வெட்டுப்பட்ட பகுதியில்தான் இருந்தது.

தயாரிப்பாளர்தான் வில்லன் என்று முடித்துவிட்டால் சுலபம். ஆனால் உங்கள் தொழிலின் இலக்கணமும் அதற்கு உடந்தை. சுருக்கு, இறுக்கு, வெடிக்கிற சொல்லைக் கடைசியில் வை, வெடித்ததும் இறங்கிவிடு. ஆஸ்திரேலிய நகைச்சுவைக் கலைஞர் ஹன்னா காட்ஸ்பி 2018-இல் நெட்ஃபிளிக்ஸில் வந்த தன் நிகழ்ச்சியில் இந்த இலக்கணத்தையே மேடையில் பிரித்துப் போட்டார். ஜோக்குக்குத் தொடக்கமும் பஞ்சும் போதும். கதைக்குத் தொடக்கம், நடு, முடிவு என்று மூன்றும் வேண்டும் என்றார். நிகழ்ச்சியின் முற்பகுதியில் ஒரு சம்பவம் வரும். பேருந்து நிறுத்தத்தில் ஒருவன் காட்ஸ்பியை ஆண் என்று நினைத்து, தன் காதலியிடம் வழிகிறான் என்று அடிக்க வருவான். ஆண் இல்லை என்று தெரிந்ததும் பின்வாங்குவான். அரங்கம் சிரிக்கும். வெகுநேரம் கழித்து, யாரும் எதிர்பார்க்காத இடத்தில், அதன் மிச்சத்தைச் சொல்வார். அவன் திரும்பி வந்தான், அடித்து நொறுக்கினான், தடுக்க ஒருவரும் இல்லை. காட்ஸ்பி மருத்துவமனைக்கும் போகவில்லை, போலீசுக்கும் போகவில்லை. இந்த மிச்சத்தை வெட்டியெறிந்தால்தான் முன்பாதி ஜோக்காக நிற்கும். அரங்கத்தில் சிரித்தவர்கள் அந்த நிமிடத்தில் என்ன ஆனார்கள் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும்.

இன்றைய குணமான கதைகளிலும் இதே வெட்டு விழுகிறது. பஞ்ச் இருந்த இடத்தில் வெளிச்சம் வந்து உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான் மாற்றம். 'இருட்டில் கிடந்தேன்' என்பது தொடக்கம். 'ஒரு நாள் உணர்ந்தேன்' என்பது பஞ்ச். நடுவில் இருக்கிற மருத்துவர், மருந்தளவு, கூடவே உட்கார்ந்திருந்த தங்கை, செலவு, இரண்டாம் தடவை விழுந்தது, எல்லாம் காணாமல் போகிறது. கேட்கிறவனுக்குப் பயன்படக்கூடியது அந்த நடுவில்தான் இருந்தது.

அந்த நடுவைச் சொல்லிச் சிரிக்க வைக்க முடியாது என்று யாராவது சொன்னால், 2012 ஆகஸ்ட் 3 இரவு லாஸ் ஏஞ்சலிஸில் லார்கோ அரங்கில் நகைச்சுவைக் கலைஞர் டிக் நோட்டாரோ செய்ததை நினைத்துக்கொள்ளுங்கள். மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்து சில நாள்தான் ஆகியிருந்தது. அதற்கு முந்தைய சில மாதங்களுக்குள் கடுமையான குடல் தொற்று, தாயின் மரணம், காதல் முறிவு. வணக்கம் சொன்ன கையோடு எனக்குப் புற்றுநோய் என்றார். ஜோக் என்று நினைத்துச் சிரித்தார்கள். பிறகு சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் தவித்தார்கள். பிறகு மறுபடி சிரித்தார்கள். எல்லாம் சரியாகிக் கரையேறிய பின் வந்து சொன்ன கதை இல்லை அது. முடிவு என்னவென்று அவருக்கே தெரியாது. தாங்க முடியாத பாரத்தைக் கடவுள் யாருக்கும் தரமாட்டார் என்று ஆறுதல் சொல்வார்களே, அதைப் பிடித்துக்கொண்டார். இவளுக்கு இன்னும் கொஞ்சம் தாங்கும் என்று கடவுள் மேலும் மேலும் ஏற்றிக்கொண்டே போகிறாராம், பக்கத்தில் நிற்கும் தேவதூதர்கள், உங்களுக்கு என்ன பைத்தியமா என்று கேட்கிறார்களாம். வழக்கமான ஜோக்குக்கே போய்விடட்டுமா என்று நடுவில் கேட்டபோது, வேண்டாம், இதுதான் பிரமாதம் என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல் எழுந்தது. ஆன்மிகம் பற்றி நான் கேட்ட எத்தனையோ உரைகளைவிட அந்தத் தேவதூதர் ஜோக் எனக்கு ஒரு படி மேல். கடவுளைக் கேள்வி கேட்கவும் அதில் இடம் இருக்கிறது.

அமெரிக்க நகைச்சுவைக் கலைஞர் கேரி குல்மன் 2017-இல் மனநல மருத்துவமனையில் சேர்ந்தார். நடுத்தர வயதில் அம்மா வீட்டுக்கே திரும்பிப் போய்ப் படுத்தார். மின்னதிர்வு சிகிச்சை எடுத்துக்கொண்டார். சினிமா புண்ணியத்தில் அந்தச் சிகிச்சை என்றாலே ஆளைக் கட்டிப்போட்டு அலறவிடுவது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். இன்று மயக்க மருந்து கொடுத்து, தசையைத் தளர்த்தி, சில நிமிடங்களில் முடிக்கிறார்கள். ஞாபகமறதி வருவதுண்டு, வேறு எதற்கும் மசியாத மனச்சோர்வு அதற்கு மசிவதும் உண்டு. குல்மன் 2019-இல் இதையெல்லாம் ஒரு முழு நிகழ்ச்சியாகவே செய்தார். பயத்தில் சிகிச்சையைத் தள்ளிப்போடும் ஒருவருக்கு, சிரித்துக்கொண்டே கேட்ட அந்தத் தகவல் எவ்வளவு பெரிய உதவி!

மரியா பாம்ஃபோர்டு இன்னும் ஒரு படி போவார். மனம் உச்சத்துக்கும் பாதாளத்துக்கும் மாறி மாறிப் போகும் இருமுனைக் கோளாறு, வேண்டாத எண்ணங்கள் வந்து மொய்க்கும் ஓசிடி, மருத்துவமனை நாட்கள், மருந்தின் பக்கவிளைவு, எல்லாமே அவர் மேடையில் உண்டு. குடி போன்ற பழக்கங்களிலிருந்து மீள ஒருவருக்கொருவர் துணை நிற்கும் பன்னிரண்டு படிக் குழுக்கள் தொடங்கி ஒவ்வொரு குழுவாகப் போய்ச் சேர்ந்த கதையை 2023-இல் புத்தகமாகவும் எழுதினார். குழுக்களைக் கிண்டலும் செய்கிறார், அவற்றால் கிடைத்த கைத்தாங்கலை மறைக்கவும் இல்லை. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல அவருக்கு வருகிறது.

என்னை மிகவும் கவர்ந்தவர் ரூபி வாக்ஸ். தொலைக்காட்சியில் ஊரைச் சிரிக்க வைத்தவர். மனச்சோர்வால் விழுந்து எழுந்த பிறகு, ஆக்ஸ்ஃபோர்டில் மைண்ட்ஃபுல்னெஸ், அதாவது இந்தக் கணத்தில் கவனத்தை வைக்கும் தியானம், அடிப்படையிலான சிகிச்சையை முறையாகப் படித்து 2013-இல் முதுகலைப் பட்டம் வாங்கினார். அந்தச் சிகிச்சை எட்டு வாரப் பயிற்சி. மனச்சோர்வு திரும்பத் திரும்ப வருகிறவர்களுக்கு, தேறியிருக்கும் சமயத்தில், அடுத்தது வராமல் காக்கவென்றே வடிவமைத்தது. அதைப் பற்றிப் புத்தகங்கள் எழுதினார், அரங்கம் அரங்கமாகப் பேசினார். 2022-இல் மறுபடியும் மனச்சோர்வு வந்து சிகிச்சை மையத்தில் சேர்ந்தார். சும்மா இருந்திருக்கலாம். அடுத்த வருடமே, தான் நினைத்துக்கொண்டிருந்த அளவுக்குத் தான் குணமாகவில்லை என்று தலைப்பிலேயே போட்டு ஒரு புத்தகம் எழுதினார். மற்றவர்களுக்குத் தியானம் சொல்லிக்கொடுத்துப் பேர் வாங்கிய பிறகு இதை ஒப்புக்கொள்ள எத்தனை பேருக்கு நெஞ்சுரம் இருக்கும்? தியானம் பொய் என்றும் அவர் சொல்லவில்லை. அது எதற்கு உதவும், எதற்குப் போதாது என்பதைத் தன் உடம்பிலேயே காட்டினார்.

இங்கே ஒரு பழைய கதையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மனசு சரியில்லை என்று ஒருவன் வைத்தியரிடம் போகிறான். ஊரில் ஒரு கோமாளி வந்திருக்கிறான், போய்ப் பார், சரியாகிவிடும் என்கிறார். ஐயா, அந்தக் கோமாளியே நான்தான் என்கிறான். கிரிமால்டி என்ற பழைய லண்டன் கோமாளியின் பெயரில் இதைச் சொல்வார்கள். தயவுசெய்து இதை இனிப் பேட்டிகளில் சொல்லாதீர்கள். கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது என்பது ஒரு காரணம். அந்த வைத்தியர் நோயாளியிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை என்பதை யாரும் கவனிப்பதில்லை என்பது இன்னொன்று. தூக்கம் எப்படி, எத்தனை நாளாக இப்படி, சாப்பிடுகிறாயா? ஒன்றும் இல்லை. கேட்டிருந்தால் கதை அவ்வளவு அழகாக முடியாதுதான்.

அழகான முடிவுக்கு ஆசைப்படுவது எங்கே கொண்டுவிடும் என்பதற்கு ஹாலிவுட் நகைச்சுவை நடிகர் ராபின் வில்லியம்ஸின் மரணம் உதாரணம். 2014 ஆகஸ்டில் அவர் இறந்ததும், சிரிப்புக்குப் பின்னால் ஒளிந்திருந்த சோகம் என்ற கட்டுரைகள் உலகெங்கும் கொட்டின. உடற்கூறாய்வில் தெரிந்தது வேறு: மூளை முழுக்கப் பரவிய லூயி பாடி நோய். பதற்றம், சந்தேகம், வசனம் நினைவில் நிற்காதது, கை நடுக்கம் என்று கடைசிக் காலத்தில் அவரை வதைத்ததற்கெல்லாம் மூளையில் ஒரு காரணம் இருந்தது. அவர் மனைவி சூசன் 2016-இல் ஒரு நரம்பியல் மருத்துவ இதழிலேயே இதை விரிவாக எழுதினார். ஆனாலும் சோகக் கோமாளி கதைக்கு இருக்கிற கிராக்கி மருத்துவக் கட்டுரைக்கு எங்கே இருக்கப்போகிறது? 2014-இல் பிரிட்டிஷ் மனநல இதழ் ஒன்றில் 523 நகைச்சுவைக் கலைஞர்களிடம் எடுத்த ஆய்வு வெளியானபோதும் இதே கூத்துதான். அது அளந்தது குணப்போக்குகளை: சட்டென்று தாவும் எண்ணம், உள்ளொடுங்குவது, அதே ஆளிடம் துடுக்குத்தனம். செய்தித்தலைப்புகளில் அது 'நகைச்சுவைக் கலைஞர்களுக்கு மனநோய்' என்று ஆகிவிட்டது. கஷ்டப்பட்டால்தான் கலை வரும் என்று நம்பி மருந்தை மறுக்கும் இளைஞர்கள் உங்கள் கூட்டத்திலேயே இருக்கிறார்கள். மருந்து சாப்பிட்டால் ஜோக் எழுத வராதோ என்று பயந்து கேட்டது என் ஹெட்ஃபோனுக்குள் பல குரல்களில் ஒலித்திருக்கிறது. அந்தக் கேள்விக்கு உங்களைத் தவிர வேறு யார் சொல்லும் பதிலையும் அவர்கள் நம்பப்போவதில்லை.

ஆன்மிகத்துக்கு வருகிறேன். எனக்கும் அதில் பகை இல்லை. அமெரிக்க நகைச்சுவைக் கலைஞர் கேரி ஷாண்ட்லிங் சிறுவனாக இருந்தபோதே அண்ணனை நோய்க்குப் பறிகொடுத்தவர். பௌத்தத் தியானத்தில் ஈடுபாடு கொண்டு, பல வருடங்கள் நாட்குறிப்பில் தனக்குத்தானே அறிவுரை எழுதிவந்தார். அதெல்லாம் 2016-இல் அவர் இறந்த பிறகுதான் ஆவணப்படமாக வெளியே வந்தது. உயிரோடு இருந்தவரை அது அவருடைய சொந்தக் கணக்கு, யாருக்கும் பாடம் இல்லை. உங்களில் பலருக்கும் அப்படித்தான் என்று தெரியும். தொழுகை, ஜெபம், தியானம், மலையேறுதல், எதுவாக இருந்தாலும் கைகொடுத்தது என்றால் கொடுத்ததுதான். மறுக்க நான் யார்?

சிக்கல், 'எனக்குக் கைகொடுத்தது' என்பது 'உங்களுக்கும் இதுதான்' என்று மாறும் இடத்தில் வருகிறது. உங்கள் குரல் அப்படிப்பட்டது. சிரிக்க வைத்தவன் சொன்னால் ஆட்கள் நம்புவார்கள், மருத்துவர் சொன்னதைவிடக் கெட்டியாக நம்புவார்கள். பாட்காஸ்டுகளில் இப்போது அடிக்கடி அடிபடும் அயாவாஸ்காவையே எடுத்துக்கொள்ளுங்கள். அமேசான் காட்டுக் கொடியும் இலையும் சேர்த்துக் காய்ச்சும் கஷாயம். ஒரே இரவில் பத்து வருட சிகிச்சை நடந்ததுபோல இருந்தது என்று உங்களில் சிலர் சொன்னதைக் கேட்டிருக்கிறேன். அந்தக் கொடியில் இருக்கும் பொருள், மூளையில் மனநிலையோடு தொடர்புள்ள செரோடோனின் என்ற ரசாயனம் உடைவதைத் தடுக்கும். மனச்சோர்வுக்குப் பரவலாகக் கொடுக்கும் எஸ்எஸ்ஆர்ஐ மாத்திரைகளோடு அது சேர்ந்தால் உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால்தான் முன்கூட்டியே மருந்தை நிறுத்திவிட்டு வரச் சொல்கிறார்கள். மருத்துவரைக் கேட்காமல் சட்டென்று நிறுத்தினால் தலைச்சுற்றல், மூளைக்குள் மின்சாரம் சொடுக்குவது போன்ற உணர்வு, நோய் திரும்புவது என்று வேறு தொல்லைகள். இருமுனைக் கோளாறோ மனச்சிதைவோ குடும்பத்தில் இருந்தால் ஆபத்து இன்னும் கூடும். இவ்வளவையும் அந்த 'ஒரே இரவு' கதையோடு சேர்த்துச் சொல்ல இரண்டு நிமிடம்கூட ஆகாது.

தியான முகாமும் எல்லாருக்கும் ஒரே மாதிரி இல்லை. அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், தீவிரமாகத் தியானம் செய்பவர்களையும் ஆசிரியர்களையும் நேரில் கண்டு பேசி, பயம், தூக்கமின்மை, தன்னைவிட்டுத் தானே விலகிப்போன உணர்வு போன்ற அனுபவங்களைத் தொகுத்தார்கள். சிலருக்கு அது வந்து போனது, சிலருக்கு நீடித்தது. வெளிச்சம் கண்டவரின் கிளிப் லட்சக்கணக்கில் ஓடும். பயந்துபோய்ப் பாதியில் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியவரை யார் பேட்டி எடுக்கிறார்கள்?

ஸ்டீஃபன் ஃப்ரை 2013-இல் ரிச்சர்ட் ஹெரிங்கின் பாட்காஸ்டில், பார்வையாளர்கள் முன்னிலையில், முந்தைய வருடம் தான் உயிரை விட முயன்றதைச் சொன்னார். கேட்டவரும் நகைச்சுவைக் கலைஞர், சொன்னவரும் நகைச்சுவைக் கலைஞர். ஏன் என்ற கேள்விக்கே இடமில்லை, காரணம் என்று ஒன்று இருந்தால் பேசிப் புரியவைத்து ஆளைத் திருப்பிவிடலாமே என்றார். அதற்கு ஏழு வருடம் முன்பே இருமுனைக் கோளாறு பற்றித் தொலைக்காட்சியில் ஆவணப்படம் செய்தவர். 2011-இல் ஒரு பெரிய மனநல அமைப்புக்குத் தலைவரும் ஆனவர். எல்லாம் தெரிந்தவர், எல்லா உதவியும் பக்கத்தில் இருந்தவர். அவருக்கும் திரும்ப வந்தது. அதை மறைக்காமல் சொன்னதால், தனக்குத் திரும்ப வந்ததும் வெட்கப்பட்டு ஒளிந்துகொள்ளாமல் மருத்துவரிடம் போன ஒருவராவது இருப்பார் என்று நான் நம்புகிறேன்.

இந்த நம்பிக்கைக்கு ஓரளவு ஆதாரமும் உண்டு. ஆஸ்திரிய ஆய்வாளர்கள் 2010-இல் பத்திரிகைச் செய்திகளை அலசிப் பார்த்தார்கள். தற்கொலையைத் திரும்பத் திரும்ப, விவரமாக எழுதும் செய்திகளுக்குப் பின்னால் எண்ணிக்கை கூடுவது பழைய கண்டுபிடிப்பு. அவர்கள் புதிதாகக் கண்டது, அந்த எண்ணம் வந்தும் அதை எப்படியோ சமாளித்துக் கடந்தவர்களைப் பற்றிய செய்திகளுக்குப் பின்னால் எண்ணிக்கை குறைந்திருந்ததை. பாப்பகேனோ விளைவு என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். 1791-இல் மோட்சார்ட் இசையமைத்த ஓபராவில் வரும் பறவை பிடிக்கிறவன்தான் பாப்பகேனோ. அந்த நாடகத்தின் காமெடியன்! காதலி கிடைக்கமாட்டாள் என்று உயிரை விடத் துணிந்து நிற்கும்போது மூன்று சிறுவர்கள் வந்து தடுக்கிறார்கள். வாழ்க்கையின் அருமை பற்றி அவர்கள் சொற்பொழிவு ஆற்றவில்லை. உன்னிடம்தான் மந்திர மணி இருக்கிறதே, எடுத்து ஆட்டு என்கிறார்கள். அவ்வளவுதான். அந்த நேரத்தில் கையில் எடுக்கக்கூடிய ஒரு காரியத்தைச் சொன்னார்கள். எந்த வழியில் சாக நினைத்தேன் என்ற விவரம் எதுவும் கேட்பவருக்குத் தேவையில்லை. அன்று இரவு யாருக்குப் போன் செய்தேன், அவர் என்ன செய்தார், மறுநாள் காலை எங்கே அழைத்துப் போனார் என்பதுதான் தேவை.

மேடையை நடத்துகிறவர்களும் இதைப் படித்தால் ஒரு வார்த்தை. ஹாலிவுட்டின் லாஃப் ஃபேக்டரி என்ற நகைச்சுவை அரங்கம் 2011-இலேயே கலைஞர்களுக்கென்று உளவியலாளர்களை அமர்த்தியது. கிரீன் ரூமில் இலவசமாகக் குடிக்கக் கொடுக்கும் செலவில் ஒரு பகுதி இதற்கும் போகலாம்.

கடைசியாக ஒரு வேலை விஷயம். பதிவு முடிந்ததும் கையெழுத்துக்கு ஒரு படிவம் நீட்டுவார்கள், நீங்களும் களைப்பில் படிக்காமல் போட்டுவிடுவீர்கள். இனி அதில் ஒரு வரி எழுதிச் சேருங்கள்: டிரெய்லரிலும் கிளிப்பிலும் எந்தத் துண்டு போகிறது என்பதற்கு என் சம்மதம் வேண்டும். மருத்துவம் பற்றிப் பேசத் தொடங்கும்போது, இதை வெட்டாதீர்கள் என்று மைக்கிலேயே சொல்லிவிட்டுத் தொடருங்கள். அந்த வாக்கியத்தை மட்டும் நான் வெட்டிவிடுவேன், பின்னால் வருவதை வைத்துக்கொள்வேன். இழுவையாக இருக்கிறதே என்று தயாரிப்பாளர் கேட்டால் போட்டுக் காட்ட எனக்கும் ஒரு அத்தாட்சி வேண்டாமா? மறுபடியும் விழுந்தீர்களானால், சரியாகிற வரைக்கும் காத்திருக்காமல் அப்போதும் ஒரு எபிசோடுக்கு வாருங்கள். பியானோ போடச் சொன்னால் போடமாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் ஒலித்தொகுப்பாளர்களில் ஒருவர்